வண்டு பிடித்த டப்பா: ஹார்டு டிஸ்க் கெட்டுப்போவது எப்படி?

மிக்ஸி ஜாரின் புஷ் தேய்ந்துவிட்டதை அக்கா காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஹாலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே, "அந்தச் சின்ன ஜாரைக் கடைக்குக் குடுக்கணும்" என்பாள். சொன்ன இரண்டாவது வாரம் ஜாரின் அடியிலிருந்து சட்னித் தண்ணீர் கசிந்து மேடையில் வட்டம் போடும். குக்கரின் சீறல் கொஞ்சம் மாறினாலே கேஸ்கட்டைத் தடவிப் பார்ப்பாள். சிலிண்டர் தீரப்போவதும் அவளுக்கு இரண்டு நாள் முன்பே தெரியும்.

அப்படிப்பட்டவள், மேசைமேல் இருந்த ஹார்டு டிஸ்க் இரண்டு மாதமாக அவ்வப்போது 'டிக்... டிக்...' என்று தட்டிக்கொண்டிருந்ததை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோவும் பதினோரு வருடப் படங்களும் அதில்தான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"டேய், அந்தக் கறுப்பு டப்பாவுல ஃபோல்டரைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்குடா."

"சத்தம் ஏதாவது வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. அது எப்பவும் வர்றதுதானே?"

கழற்றி வைக்கச் சொன்னேன். இன்னொரு தடவை மாட்டிப் பார்க்காதே என்றும் சொன்னேன். அதற்குள் ஆறேழு தடவை மாட்டிப் பார்த்தாயிற்று. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று அத்தான் வேறு யோசித்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் அக்காவின் சமையல் மேடையிலேயே லேப்டாப்பை விரித்து வைத்து வேலையை ஆரம்பித்தேன். அது முடிய மறுநாள் ஆனது. இடையில் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கைக்கு எட்டிய பாத்திரங்களை வைத்துத்தான் பதில் சொன்னேன். பதினெட்டு வருஷமாகச் சர்வீஸ் வேலை பார்த்தும் அதைவிடத் தெளிவாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

ஹார்டு டிஸ்க்கின் மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது தோசைக்கல். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் வட்டத் தட்டு. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆனது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்றுகூட இருக்கும். 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் இரண்டடி குறுக்களவுள்ள தட்டுகள் 50 இருந்தன. கல்யாணச் சமையல்காரர் தோசை வார்க்கும் கல் அளவு. அத்தனையும் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்குச் சரியாக இருக்கும்.

புதுக் கல்லை அப்படியே அடுப்பில் ஏற்றித் தோசை வார்க்க முடியாது, பழக்க வேண்டும். இந்தத் தட்டையும் தொழிற்சாலையில் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். முதலில் காந்தப் பூச்சு, அதைக் காக்க மெல்லிய கரிமப் படலம், அதற்கும் மேல் ஒரு நானோமீட்டர் அளவுக்கு வழுவழுப்பான எண்ணெய்ப்பசை. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு அக்கா கல்லைத் துடைப்பாளே, அந்த மாதிரி. காந்தப் பூச்சில்தான் நம் படமும் பாட்டும் கணக்கும் வடக்கு-தெற்கு என்று திசை மாறி மாறி எழுதப்பட்டிருக்கின்றன.

எழுதுவதும் படிப்பதும் 'ஹெட்'டின் வேலை. ஒரு கைப்பிடியின் நுனியில் எள்ளைவிடச் சின்னதாக இருக்கும். தட்டு சும்மா சுற்றுவதில்லை. கையடக்க டிஸ்க்கில் நிமிஷத்துக்கு 5400 சுற்று, மேசைக் கணினியில் பெரும்பாலும் 7200. அந்தப் பெரிய தட்டின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. மிக்ஸி இதைவிட வேகமாகச் சுற்றும். ஆனால் ஐந்து நிமிஷம் ஓடினாலே அதற்கு ஓய்வு கொடுத்துவிடுவோம். இது நாள் முழுக்க ஓடும்.

இவ்வளவு வேகத்தில் ஓடும் தட்டின்மேல் ஹெட் ஒட்டவே கூடாது. அதே சமயம் தள்ளியிருந்தால் படிக்கவும் முடியாது. அதனால் அது பறக்கிறது. சூடான டம்ளரை ஈரமான கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்தால் தானாக நழுவி ஓடுமே, அதை அக்காவுக்குச் செய்து காட்டினேன். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து டம்ளரின் விளிம்பை ஒரு துளி தூக்கிவிடுகிறது, டம்ளர் தரையைத் தொடாமல் போகிறது. டிஸ்க்கில் சூட்டுக்குப் பதில் வேகம். சுற்றும் தட்டு இழுத்துவரும் காற்று ஹெட்டுக்கு அடியில் மெத்தையாக நிற்கிறது. இன்றைய டிஸ்க்குகளில் அந்த இடைவெளி ஒருசில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் 80,000 நானோமீட்டர் வாக்கில் வரும். முடியை ஆயிரக்கணக்கான ஏடுகளாக உரித்தால் கிடைக்கும் ஓர் ஏடுதான் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் மொத்த இடம்.

"தாளிக்கிற புகை போனாகூட இடிக்குமேடா" என்றாள். இடிக்கும். புகைத் துகளே அந்த இடைவெளியைப்போல் பல மடங்கு பெரியது. அதனால்தான் தூசி வடிகட்டிய அறையில் வைத்து இதைப் பூட்டுகிறார்கள். அதனால்தான் வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், 'இதை மூடாதே' என்ற எச்சரிக்கையோடு. ஆவி போவதற்கு இட்லிப் பானை மூடியில் விட்டிருக்கும் ஓட்டை மாதிரி, உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருக்கத்தான் அது. ஓட்டைக்குப் பின்னால் வடிகட்டி உண்டு.

காற்றுதான் மெத்தை என்பதால் காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். உயரமான மலையில் குக்கர் இல்லாமல் சோறு வேகாததற்கும் இதற்கும் ஒரே காரணம். சாதாரண டிஸ்க்குகளுக்கு 3,000 மீட்டர் உயரம்வரைதான் தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருவது வழக்கம். ஊட்டியில் கவலையில்லை. 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் ஓட்டினால் ஹெட் தாழப் பறந்து தட்டை உரசும் ஆபத்து கூடும். 2013-ல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் ஹீலியம் அடைத்து முழுக்கச் சீல் வைத்த டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதில் ஓட்டை கிடையாது. கேஸ்கட் போட்ட குக்கர்.

ஹெட் தட்டை ஒருமுறை உரசினால் என்ன ஆகும்? நான்-ஸ்டிக் தவாவில் அத்தான் ஒருநாள் இரும்புத் திருப்பியை ஓட்டினார். பூச்சு ஒரு கீற்று உரிந்தது. உரிந்த துணுக்கு அடுத்த தோசையில் ஒட்டியது, அதைச் சுரண்டப்போய் இன்னும் கொஞ்சம் உரிந்தது. டிஸ்க்கிலும் சேதம் இப்படித்தான் வளர்கிறது. உரிந்த தூள் உள்ளேயே சுழன்று ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே போய் மாட்டி இன்னொரு கீறல் போடுகிறது. 2000-ல் வெளிவந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி கண்ணாடித் தட்டு வைத்த மாடல். பூச்சு வளையம் வளையமாக உரிந்து கண்ணாடி தெரிகிற அந்தத் தட்டுகளின் படங்கள் எங்கள் தொழிலில் பிரபலம். 'டெத்ஸ்டார்' என்று பட்டப்பெயர் வாங்கி, 2001-ல் அமெரிக்காவில் வழக்குவரை போனது.

உரசல் எதனால் வருகிறது என்று கேட்டால், என் கடைக்கு வந்தவற்றில் முதல் குற்றவாளி கீழே விழுந்ததுதான். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுவது. அணைந்திருக்கும்போது ஹெட் தட்டைவிட்டு விலகித் தன் மூலையில் ஏறிப் படுத்திருக்கும்; அப்போது விழுந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஓடும்போது கையடக்க டிஸ்க்கைச் செங்குத்தாக நிறுத்திவைத்து, அது சாய்ந்து மேசையில் 'டப்' என்று விழுந்தாலே போதும். கொதிக்கும் சாம்பார்ச் சட்டியை ஒரு கையால் நகர்த்த மாட்டோம். ஓடும் டிஸ்க்கை மட்டும் நகர்த்துகிறோம்.

மின்சாரம் அடுத்தது. நடுவில் கரண்ட் போனால் ஹெட் அப்படியே தட்டில் விழுந்துவிடாதா என்றால், அதற்கு ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் கல்லின் மீதிச் சூட்டில் கடைசித் தோசை வெந்துவிடும் அல்லவா? அதேபோல், கரண்ட் போன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மோட்டார் கொஞ்சம் மின்சாரம் எடுத்து, ஹெட்டை மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எப்போதாவது ஒருமுறை இப்படி நடந்தால் பரவாயில்லை. நாளைக்கு நான்கு முறை என்றால் கைப்பிடியும் அதன் படுக்கையும் தேயும். எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நிற்பது வேறு. மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வோல்டேஜ் எகிறினால் அடியில் இருக்கும் பச்சை போர்டே கருகிவிடும். அந்த வாசனை சுற்று கருகிய மிக்ஸியின் வாசனைதான். மூக்கு பொய் சொல்லாது.

அதிர்வைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்கா நம்பினாள். மிக்ஸி ஓடும்போது அவள் ஸ்டாண்டில் ஒரே ஒரு தட்டு மட்டும் 'கிர்ர்ர்' என்று அதிரும், மற்றவை சும்மா இருக்கும். அந்தத் தட்டின் இயல்பு அதிர்வெண்ணும் மிக்ஸியின் இரைச்சலும் பொருந்திப்போகின்றன. டிஸ்க்கையும் சத்தம் இப்படி அதிரவைக்கும். 2016 செப்டம்பரில் புகாரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்புச் சோதனை நடந்தது. குழாய்களிலிருந்து வாயு பீறிட்ட சத்தத்தின் அதிர்விலேயே டிஸ்க்குகள் கெட்டு, வங்கியின் கார்டு, ஏடிஎம் சேவை மணிக்கணக்கில் நின்றது. தீயே இல்லை.

வெப்பத்தைப் பற்றி மட்டும் நாம் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறோம் என்பது என் எண்ணம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மிக அதிகச் சூட்டைத் தவிர, வெப்பத்துக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவு நேரான தொடர்பு தெரியவில்லை. அதற்காக ஃபிரிட்ஜ் பின்னால் சொருகிவைக்கச் சொல்லவில்லை.

இனி வண்டு.

தட்டில் எழுதும் இடம் ஒரே வெளியாக இல்லை, கோடிக்கணக்கான சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரிந்திருக்கிறது. 'செக்டர்' என்கிறோம். இப்போதைய டிஸ்க்குகளில் ஒரு டப்பாவுக்குப் பெரும்பாலும் 4096 பைட் கொள்ளளவு. எந்த டப்பாவில் எது என்ற பட்டியல் தனியே ஓரிடத்தில் இருக்கும். அந்தப் பட்டியல் கெட்டால் பருப்பு பத்திரமாக இருந்தும் பருப்பு எங்கே என்று தெரியாமல் போகும். கோப்பு காணாமல்போகும் பல கேஸ்கள் இவ்வளவுதான்.

சில டப்பாக்களில் காலப்போக்கில் காந்தம் மங்கும், அல்லது மேலே கீறல் விழும். டிஸ்க் உடனே தோற்றுவிடாது. எண்ணெய்க்கறை பட்ட சமையல் குறிப்பு நோட்டில் 'மி_கு 2 ஸ்பூன்' என்றிருந்தால் நடு எழுத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம். டிஸ்க்கும் கூடவே எழுதிவைத்திருக்கும் சரிபார்ப்புக் குறிகளை வைத்து விட்ட எழுத்தை நிரப்பும். அதற்கும் மிஞ்சிய கறை என்றால் மறுபடி படிக்கும், மறுபடி, மறுபடி. மூடி இறுகிய டப்பாவைத் தரையில் தட்டித் தட்டித் திறக்கப் பார்ப்பது போல. ஃபோல்டரைத் திறந்ததும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாக அக்கா சொன்னது இந்த நேரத்தைத்தான். கணினி முழுதும் உறைந்து, அரை நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓட ஆரம்பித்தால் 'விண்டோஸ் மெதுவாகிவிட்டது' என்று திட்டுகிறோம். பல தடவை அது உள்ளே டப்பா தட்டும் சத்தம்.

திறக்கவே முடியாத டப்பாவைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து வைக்கும். அடுத்த முறை அதில் புதிதாக எழுத வரும்போதுதான் தீர்ப்பு: எழுதிப் பார்த்துச் சரியாக இருந்தால் தொடரும், இல்லையென்றால் வண்டு பிடித்த டப்பா என்று ஒதுக்கிவிட்டுப் பரணில் இருக்கும் உபரி டப்பா ஒன்றை அந்த இடத்துக்குக் கொண்டுவரும். தொழிற்சாலையிலேயே உபரி டப்பாக்கள் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நமக்கு எதுவும் தெரியாது. சமர்த்தான மருமகள் மாதிரி வெளியே சொல்லாமல் சமாளிக்கும்.

ஆனால் நோட்டில் எழுதிவைக்கும். அந்தக் கணக்கு நோட்டுக்குப் பெயர் 'ஸ்மார்ட்'. 1990-களிலிருந்து எல்லா டிஸ்க்கிலும் இருக்கிறது. நாம்தான் திறந்து பார்ப்பதில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். வரிசை வரிசையாக எண்கள் மிரட்டும். நான் பார்ப்பது ஒருசிலவற்றை மட்டுமே. 5-ஆம் வரி, ஒதுக்கி மாற்றிய டப்பாக்கள். 197, சந்தேகப் பட்டியல். 187-ம் 198-ம், எவ்வளவு முயன்றும் படிக்க முடியாமல் போனவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இருந்து பல மாதம் அப்படியே நின்றால் கண் வைத்திருக்கலாம்; வாரத்துக்கு வாரம் ஏறினால் பருப்பில் வண்டு பரவுகிறது என்று பொருள். 199 ஏறினால் மட்டும் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கேபிள் குற்றம் அது. அடுப்பு நன்றாகத்தான் இருக்கும், ட்யூப்தான் லூஸ். எண்பது ரூபாய்க் கேபிளை மாற்றினால் தீரும் வேலைக்குப் புது டிஸ்க் விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூகுளின் அந்த ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. பரிசோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. கேட்டதும் 'அப்படியானால் நோட்டைப் பார்த்தாலே போதுமே' என்று தோன்றும். அதே ஆய்வின் அடுத்த செய்தி அந்த நிம்மதியைக் கெடுக்கிறது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், அப்படிப்பட்ட முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆன்லைன் பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் 2016-ல் ஐந்து அளவுகளை வைத்துப் பார்த்தபோதும், ஏறக்குறைய கால்வாசி டிஸ்க்குகள் எதையும் காட்டாமலே போயிருந்தன. சீறாமலே வெடிக்கும் குக்கரும் உண்டு.

அந்த 'டிக்... டிக்...' என்ன? தட்டில் தகவலுக்கு நடுநடுவே, 'நீ இப்போது இந்த வரிசையில் இருக்கிறாய்' என்று ஹெட்டுக்கு வழிகாட்டும் குறிகள் எழுதியிருக்கும். ஹெட் பலவீனமானாலோ குறிகள் சிதைந்தாலோ வழி தெரியாது. கரண்ட் போன இருட்டில் தீப்பெட்டியைத் தேடும்போது, கை குழம்பினால் சுவருக்குத் திரும்பி வந்து மறுபடி அங்கிருந்து தடவிக்கொண்டே போவோம். ஹெட்டும் அப்படித் தன் மூலைக்குத் திரும்பி வந்து மோதும் சத்தம்தான் அது. ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு தோல்வி. அதைக் கேட்டுக்கொண்டே மறுபடி மறுபடி மாட்டிப் பார்ப்பது, கீறிய தவாவில் இரும்புத் திருப்பியை மேலும் ஓட்டுவதுதான்.

அறிகுறி தெரிந்த பிறகு மனிதர்கள் செய்கிறவற்றால்தான் அதிகம் இழப்பு வருகிறது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். 'செக்டிஸ்க்' போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள். தள்ளாடும் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலைக்கும் ஹெட்டை ஓடவிடும் வேலை அது. போதாததற்குப் பட்டியலையும் திருத்தி எழுதிவிடும். இன்னும் சிலர் அதே மாடல் டிஸ்க்கிலிருந்து போர்டைக் கழற்றி மாட்டுவார்கள். பழைய காலத்தில் நடந்தது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் போர்டிலும் அந்த ஹெட்டுக்கே உரிய அளவீடுகள் பதிந்த சிப் இருக்கிறது. ஒருவர் கைப்பக்குவத்தை இன்னொருவர் கையில் மாட்ட முடியாது. ஃப்ரீசர் யோசனைக்கு வருகிறேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த தயிர்க் கிண்ணத்தை மேடையில் வைத்தால் இரண்டே நிமிஷத்தில் வெளியே வியர்க்கிறதே, அந்த வியர்வை தட்டின்மேல் படிந்தால் சில நானோமீட்டரில் பறக்கும் ஹெட் என்ன செய்யும் என்று அத்தானிடம் கேட்டேன். டிஸ்க் ஃப்ரீசருக்குப் போகவில்லை.

அக்காவின் டிஸ்க் நோட்டில் 197-ஆம் வரி 300-ஐத் தாண்டியிருந்தது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டினேன். அது வீட்டைக் காலிசெய்யத் தெரிந்த கிழவி. முதலில் சுலபமாகத் திறக்கும் டப்பாக்களையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றும். மூடி இறுகியவற்றோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப்போகும். எல்லாம் முடிந்தபின், உயிர் மிச்சமிருந்தால், திரும்பி வந்து அவற்றைத் தட்டும். கெட்ட டிஸ்க்கில் எதையும் எழுதாது; எடுக்க மட்டும் செய்யும். ராத்திரி முழுக்க ஓடியது. சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தால் நானே நிறுத்தி, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்பியிருப்பேன். அங்கே வேறு டிஸ்க்கின் ஹெட்டைப் பொருத்திப் படிப்பார்கள், செலவு பல ஆயிரங்களில் தொடங்கும்.

"அப்ப எஸ்எஸ்டி வாங்கிட்டா?" என்றார் அத்தான். சுற்றும் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை, விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் அது இண்டக்ஷன் அடுப்பு. நேற்றுவரை வேலை செய்யும், இன்று பட்டனை அழுத்தினால் விளக்கே எரியாது. முன்கூட்டிச் சொல்ல அதற்குச் சத்தம் கிடையாது.

அக்கா மேடைக்கு அடியில் காலால் தட்டினாள். "ரெண்டாவது சிலிண்டர் எதுக்கு வெச்சிருக்கோம்? இதுக்கும் ஒண்ணு வாங்கி வெச்சா ஆச்சு." அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுதான் இருந்தது: இரண்டு சிலிண்டரும் ஒரே சமையலறையில் இருக்கக்கூடாது. இப்போது ஒரு பிரதி திருச்சியில் அவள் பீரோவில், இன்னொன்று தஞ்சாவூரில் அவள் மாமியார் வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலை எண்ணிப் பார்த்ததில் அறுபதாம் கல்யாணம் முழுதாக வந்திருந்தது. நாற்பத்து மூன்று படங்கள் போயின, பெரும்பாலும் ஒரு கொடைக்கானல் பயணத்தினுடையவை. பழைய டிஸ்க்கை, இனி இழக்க ஒன்றுமில்லை என்பதால், அக்காவின் முன்னாலேயே திறந்தேன். தட்டின் வெளி ஓரத்தில், கல்லில் ஊசியால் இழுத்ததுபோல் ஒரு மெல்லிய வளையம். அவள் நகத்தால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே கைப்பிடியை ஆட்டுவதற்கு இரண்டு காந்தங்கள் இருந்தன, நகம் அளவுதான், ஆனால் நடுவில் விரல் மாட்டினால் கன்றிப்போகும். அதில் ஒன்று இப்போது அவள் ஃபிரிட்ஜ் கதவில் சிலிண்டர் ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி விடமாட்டேனென்கிறது, ஒவ்வொரு தடவையும் ரசீது கிழிகிறது என்று போனில் புகார்.